இறுக்கம் என்று நினைத்து இழுத்த ஏழு மாதம்

நாற்காலியில் இருந்து எழும்போதுதான் முதலில் தெரிந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு எழுந்தால், வலது பிட்டத்துக்கு அடியில், உட்காரும்போது அழுந்துகிற அந்த எலும்பின் மேல், யாரோ கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்திருப்பது போல ஒரு வலி. நாலு அடி நடந்தால் போய்விடும். ஓடப் போனால் முதல் ஒரு கிலோமீட்டர் முணுமுணுக்கும், அப்புறம் அடங்கிவிடும். ஓடி முடித்து, குளித்து, மறுபடி உட்காரும்போது திரும்ப வந்து நிற்கும்.

நான் வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவள். பரிசுக்காக ஓடுவதில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு அரை மாரத்தான், அந்த 21.1 கிலோமீட்டரை நல்லபடியாக முடித்தால் மனசு நிறைந்துவிடும். யோகா, ஓட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே என்னோடு இருக்கிறது. அதனால் வலி வந்ததும் என்ன செய்வது என்ற குழப்பமே எனக்கு வரவில்லை. தொடையின் பின்பக்கத் தசை, எல்லாரும் ஹேம்ஸ்ட்ரிங் என்று சொல்வது, இறுகிவிட்டது, இழுத்துவிட வேண்டும். காலையில் நின்றபடி குனியும் உத்தானாசனம், மாலையில் காலை நீட்டி உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனம், ஓட்டம் முடிந்ததும் காலை ஒரு பெஞ்சின் மேல் நீட்டி வைத்துக் குனிவது. இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில் ஒரு இதமான வலி பிடிக்கும். விட்டதும் பத்து நிமிஷம் நன்றாக இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை நம்பி ஏழு மாதம் இழுத்தேன்.

ஏழாவது மாதத்தில் என் நெற்றி முழங்காலில் பதிந்தது. அதே மாதத்தில்தான் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் போனது. ஒரு துண்டைச் சுருட்டித் தொடைக்கு அடியில் கொடுத்து, எலும்பு நாற்காலியில் படாதபடி வேலை செய்தேன். மேடு ஏறி ஓடினால் கத்தியால் குத்துவது போல இருந்தது. ஒரு வகுப்பில் பச்சிமோத்தானாசனத்தில் இருந்தபோது மாஸ்டர் பின்னால் வந்து, முதுகில் இரண்டு கையையும் வைத்து மெதுவாக அழுத்தினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், எனக்குத் தெரியும். எலும்பை ஒட்டி ஏதோ பிய்வது போல இருந்தது. அன்று இரவு குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன்.

இதற்குப் பிறகுதான் ஒரு ஸ்போர்ட்ஸ் தெரபிஸ்டிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவராக இருப்பார். படுக்கச் சொல்லுவார், அமுக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முதல் இருபது நிமிஷம் என்னைத் தொடவே இல்லை. எப்போது வலிக்கிறது, எப்போது வலிக்கவில்லை, கடைசி மூன்று மாதத்தில் வாரம் எத்தனை கிலோமீட்டர், மேடு எவ்வளவு, தூக்கம் எப்படி, கால் மரத்துப் போகிறதா, வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. பிறகு, "மேடம், தினமும் என்னென்ன ஆசனம் செய்றீங்களோ, அதை அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார்.

செய்து காட்டினேன். அவர் கையில் ஒரு பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தார். "சூரிய நமஸ்காரம் எத்தனை சுற்று?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை பாதஹஸ்தாசனம் வருது. அப்போ அதுலயே இருபத்து நாலு தடவை குனியறீங்க. அதுக்கு மேல மத்த ஆசனம், ஓட்டம் முடிச்சு ஸ்ட்ரெட்ச். எப்படியும் ஒரு நாளைக்கு நாப்பது தடவை அந்த இடத்தை எலும்போட வெச்சு அழுத்தறீங்க" என்று சொல்லி, 40 என்ற எண்ணைத் தாளில் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார்.

அப்புறம் மல்லாந்து படுக்கச் சொன்னார். பாதத்தை ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் சேதுபந்தாசனம், ஆனால் குதிகாலை உடம்பை விட்டு நன்றாகத் தள்ளி வைத்து, முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி. ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுகாலில் மட்டும் இடுப்பைத் தாங்க வேண்டும். இடது காலில் நாற்பது விநாடி நின்றேன். வலது காலில் பதினோரு விநாடி. பன்னிரண்டாவது விநாடியில் தொடை நடுங்கி, இடுப்பு தானாகக் கீழே இறங்கியது. நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்கு நீளமான அந்தத் தசைக்கு என் இடுப்பின் பாரத்தைப் பன்னிரண்டு விநாடி தாங்கத் தெரியவில்லை. விரிப்பில் அப்படியே படுத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

வலியின் பெயரை அவர் சொன்னார்: ஹேம்ஸ்ட்ரிங் தசைநாண் உட்காரும் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் வரும் டெண்டினோபதி, அதாவது தசைநாண் கெட்டு வலிப்பது. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டி வைக்கிற கயிறு. கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் ஓடாமல் கல் விளிம்பில் உரசிக்கொண்டு ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இடுப்பை மடித்துக் குனியும்போது இந்தத் தசைநாண் எலும்பின் மேல் வளைந்து அழுந்துகிறது. பாரத்தோடு சேர்த்து அந்த அழுத்தமும் விழுவதுதான் அதற்கு ஆகாது. மேடு ஏறும்போது இடுப்பு அதிகம் மடங்குகிறது, அதனால் வலி. காலை நீட்டிப் போட்டு ஓடினாலும் அதேதான். உட்கார்ந்தால் நேராக அதன் மேலேயே உட்காருகிறோம். நான் மருந்து என்று நினைத்துச் செய்தது எல்லாமே அந்தக் கல் விளிம்பில் கயிற்றைத் தேய்த்த கணக்குத்தான்.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இதே சங்கதி உடம்பின் வேறு இடங்களிலும் நடக்கிறது. குதிகால் நாண், அதாவது அக்கிலிஸ், குதிகால் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் வலிப்பவர்கள், கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் குதிகாலைத் தரையில் பதிக்க முயன்று முயன்று வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். இடுப்பின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் வலிப்பவர்கள் கோமுகாசனத்தில் காலின் மேல் காலைப் போட்டு அதையே செய்கிறார்கள். மூன்று இடத்திலும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். மூன்று இடத்திலும் மறுநாள் காலை கூடுதலாக வலிக்கும்.

இறுக்கமாக இருக்கிறது என்று உடம்பு சொல்வதை நாம் தசை குட்டையாகிவிட்டது என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தப்பான மொழிபெயர்ப்பு. களைத்துப்போன தசையும் இறுக்கமாகத்தான் தோன்றும். பலம் பற்றாமல், இருக்கிற பலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற தசையும் அப்படித்தான் தோன்றும். சில வாரங்கள் இழுத்துப் பழகினால் இன்னும் குனிய முடிகிறதே என்றால், அதில் பெரும்பங்கு அந்த இழுவையை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகியதால் வருவது. தசை நீண்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இதை உடற்பயிற்சி ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

இழுத்தால் காயம் வராது என்ற நம்பிக்கையும் ஆராய்ச்சியில் தேறவில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறும் 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் பயிற்சிக்கு முன் கால் தசைகளை ஸ்ட்ரெட்ச் செய்ய வைத்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் காயங்களின் எண்ணிக்கையில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. 2014இல் 25 ஆய்வுகளை, மொத்தம் 26,610 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் ஸ்ட்ரெட்சிங்கால் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. தசை வலுப் பயிற்சி செய்தவர்களிடமோ காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்திருந்தன. அதில் ஓட்டம் மட்டும் இல்லை, பல விளையாட்டுகள் இருந்தன. ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் படித்தேன். 2002இல் சர்வதேசத் தரத்தில் ஓடும் 34 ஆண்களைச் சோதித்தார்கள். உட்கார்ந்து குனிந்து கால்விரலைத் தொடும் சோதனையில் பின்தங்கியவர்கள்தான், ஒரே வேகத்தில் ஓடக் குறைவான ஆக்சிஜனைச் செலவழித்தார்கள். இதை வைத்து உடம்பை விறைப்பாக்குங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓடும்போது தசைநாண் ஒரு ஸ்பிரிங் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. தொளதொள என்று இருக்கிற ஸ்பிரிங்கால் யாருக்கு என்ன பயன்?

ஓட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். என் வேகம் கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். நிமிஷத்துக்கு 158 அடி. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,100 அடி, பத்து கிலோமீட்டருக்கு 11,000. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. குதிகால் நாணில் அது ஆறு மடங்கைத் தாண்டும். இத்தனைக்கும் ஓட்டத்தில் ஒரு இடத்தில்கூடக் காலை நெற்றிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. தாங்கத்தான் வேண்டும். ஒற்றைக் காலில், ஆயிரக்கணக்கான தடவை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தெரபிஸ்ட் யோகாவை விடச் சொல்லவில்லை. நான் பயந்துகொண்டு கேட்டபோது, "எதுக்கு விடணும்? உங்களுக்கு வேண்டிய பயிற்சியில பாதி அதுலயே இருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன். எத்தனையோ பேர் யோகாவையும் ஜிம்மையும் எதிரெதிர் கட்சிகள் மாதிரி பேசுகிறார்கள். யோகாவை நேசிக்கிற ஒருத்தியிடம் "அதை விட்டுட்டு வெயிட் தூக்குங்க" என்று சொல்லியிருந்தால் நான் மறுபடி அங்கே போயிருக்கவே மாட்டேன்.

ஆகவே என் ஆசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது எங்கே இழுக்கிறது என்று பார்ப்பதை நிறுத்தி, இது எதைத் தாங்க வைக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். பல வருஷமாகச் செய்துவந்த ஆசனங்கள் புதிதாகத் தெரிந்தன. சேதுபந்தாசனம் முதுகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். குதிகாலைத் தள்ளி வைத்து 45 விநாடி பிடித்தால் அது ஹேம்ஸ்ட்ரிங்குக்கு நேரடி வேலை, அதுவும் இடுப்பு மடங்காமல். முதல் மாதம் முழுக்க இதுதான் என் மருந்து: 45 விநாடி வீதம் ஐந்து தடவை, நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. முதலில் இரண்டு காலில், மூன்றாவது வாரம் முதல் ஒற்றைக் காலில்.

சலபாசனத்தை நான் ஒரு காலமும் மதித்ததில்லை. குப்புறப் படுத்துக் காலைத் தூக்குவதில் என்ன இருக்கிறது என்று அவசரமாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். இப்போது மெதுவாகத் தூக்கி, பத்து மூச்சு நிறுத்தி, மெதுவாக இறக்குகிறேன். பிட்டத் தசையும் தொடையின் பின்பக்கமும் சேர்ந்து வேலை செய்வது கையை வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு கையை ஊன்றி உடம்பைப் பக்கவாட்டில் தாங்கும் வசிஷ்டாசனம் இடுப்பின் பக்கவாட்டுக்கு. உத்கடாசனத்தில் அரை உட்காரலில் நின்றபடி குதிகாலைத் தூக்கினால் கெண்டைக்காலின் உள்ளே ஆழமாக இருக்கிற சோலியஸ் தசை எரியும். ஓட்டத்தில் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிற வேலையில் பெரும்பகுதி அதனுடையதுதான். முழங்காலை மடித்தால்தான் அதற்குத் தனியாக வேலை கிடைக்கும்.

ஒற்றைக் காலில் மரம் போல நிற்கும் விருக்ஷாசனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நான் அதைக் கைக்காகவே செய்துவந்தேன் என்று இப்போது தோன்றுகிறது, தலைக்கு மேலே அழகாகக் குவிந்த கை. தெரபிஸ்ட் என் பின்னால் நின்று இடுப்பெலும்பின் இரண்டு பக்கத்திலும் விரலை வைத்தார். வலது காலில் நின்றபோது இடது பக்க இடுப்பு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அப்படி இறங்கினால் பத்து கிலோமீட்டரில் 5,500 தடவை இறங்கும். இப்போது வெறுங்காலோடு நிற்கிறேன். கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையில் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். விரல்களைச் சுருட்டாமல் உள்ளங்கால் வளைவை லேசாக உயர்த்துகிறேன். பாதம் தரையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதை, இந்தப் பக்கம் ஒரு தசை பிடிக்க அந்தப் பக்கம் ஒன்று விடுவதை, அப்போதுதான் முதல் முறையாகக் கவனித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்து விநாடி. அதைவிடக் கடினமான ஆசனம் எனக்கு இல்லை.

வீரபத்ராசனத்தின் மூன்றாவது நிலை, ஒற்றைக் காலில் நின்று உடம்பைத் தரைக்குச் சமமாகச் சாய்ப்பது, கடைசியாகத்தான் வந்தது. அதில் இடுப்பு மடங்குகிறது, பாரமும் இருக்கிறது. சரியாக நோயுள்ள இடத்தைத் தொடுகிற ஆசனம். பத்தாவது வாரத்தில் முப்பது டிகிரி சாய்ந்தேன். பதினான்காவது வாரத்தில் முழுசாகச் சாய்ந்தேன். அதற்குப் பிறகு கையில் டம்பெல். இரண்டு கிலோ, நான்கு, எட்டு. ஆசனத்தில் டம்பெல்லா என்று வகுப்பில் ஒருவர் முகம் சுளித்தார். பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் இரண்டே சொல்: ஸ்திரம், சுகம். நான் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறேன். எட்டு கிலோவோடு ஒற்றைக் காலில் நடுங்காமல் நின்றபோது எனக்கு முதல் சொல் புரிந்தது.

எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. தசைநாண் எவ்வளவு மெதுவான திசு என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 1955 முதல் 1963 வரை வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அது உணவு வழியாக அந்தக் காலத்து மனிதர்களின் உடம்பிலும் சேர்ந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் அதையே ஒரு கடிகாரமாக வைத்துக் குதிகால் நாணின் உட்பகுதியை அளந்தார்கள். சுமார் 17 வயதுக்குள் உருவான அந்தத் திசு அதற்குப் பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. தசை சில வாரத்தில் வலுப்பெறும். தசைநாண் மாதக் கணக்கில்தான் பதில் சொல்லும். இதைப் படித்த பிறகு என் அவசரம் பாதியாகக் குறைந்தது.

ஆனாலும் அது பதில் சொல்லும். ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பியல் மருத்துவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஓட்டக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். குதிகால் நாண் வலியால் ஓட முடியாமல் போன 15 பேர், எல்லாரும் நம்மைப் போலப் பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று, மடித்து வைத்து 15 தடவை வீதம் மூன்று, காலை மாலை இரண்டு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. வலிக்காமல் செய்ய முடிந்தால் முதுகுப்பையில் பாரம் ஏற்றிக்கொள்ள வேண்டும். 12 வாரம் முடிந்ததும் 15 பேரும் ஓடப் போனார்கள். அதற்குப் பிறகு வாரம் மூன்றே நாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் அதே பலன் வரும் என்று வேறு ஆய்வுகள் காட்டின. முறை மாறலாம், பாரம் ஏற்றுவது மாறவில்லை.

வலியோடு பயிற்சி செய்யலாமா என்று பயமாக இருந்தது. தெரபிஸ்ட் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் காலையில் எழுந்ததும், ஷூ நாடா கட்டக் குனியும்போது வலி பத்துக்கு எத்தனை என்று ஒரே ஒரு எண் எழுத வேண்டும். செய்யும்போது மூன்று வரை இருக்கலாம். மறுநாள் காலை எண் பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நேற்றுச் செய்தது அதிகம், ஒரு படி கீழே இறங்க வேண்டும். இதில் அழகு என்னவென்றால், வலி எதிரியாக இருந்தது போய் தகவலாக ஆகிவிட்டது. முன்பெல்லாம் வலித்தால் ஒரு மாதம் ஓட்டத்தையே நிறுத்திவிடுவேன், போனதும் பழைய தூரத்தையே ஓடுவேன், மறுபடி வலிக்கும். அந்த ஒரு மாதத்தில் தசைநாணும் பலத்தை இழந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஓட்டத்துக்குத் திரும்பியது ஒரு நிமிஷ ஓட்டம், ஒரு நிமிஷ நடை என்ற கணக்கில், பத்து தடவை, சமதரையில் மட்டும். அதோடு அடியின் எண்ணிக்கையை 158இல் இருந்து 166 ஆக்கினோம், அதாவது ஐந்து சதவீதம் கூடுதல். வேகம் அதேதான். அடி குட்டையானதும் கால் உடம்புக்கு முன்னால் அதிகம் நீளாமல் இடுப்புக்குக் கிட்டத்திலேயே தரையைத் தொடுகிறது. முழங்காலும் இடுப்பும் வாங்குகிற பாரம் குறைகிறது. இரண்டு வாரம் செயற்கையாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. மேடு ஐந்தாவது மாதத்தில்தான்.

மசாஜ், ஃபோம் ரோலர், ஒட்டும் டேப் எல்லாம் உதவுமா என்று கேட்பீர்கள். இதமாக இருந்தால் செய்யுங்கள். சில மணி நேரம் வலியைக் குறைத்து, உடற்பயிற்சி செய்ய வழிவிடும். அதற்கு மேல் அவற்றிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் சில வலிகளுக்கு ஆசனமும் கூடாது, நோட்டும் கூடாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். கீழ்க்கால் எலும்பில் நாணயம் அளவு இடத்தில் விரல் வைத்தால் துடிப்பது, ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் சுருக்கென்பது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும் தொடை இடுக்கு வலி: இவை எலும்பில் விரிசல் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கால் மரத்துப் போவது, பலம் குறைவது, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, எதையும் தள்ளிப்போடாதீர்கள். ஓடுகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிலக்கு மாதக் கணக்கில் நின்றுபோனால், உடம்பு கட்டுக்கோப்பாக ஆகிவிட்டதன் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டத்துக்குத் தகுந்த சாப்பாடு உடம்புக்குப் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், அப்படியானால் எலும்பு அதற்கு விலை கொடுக்கும்.

சவாசனத்தை ஒரு வார்த்தையில் கடந்துபோக மனசில்லை. ஓட்டம் உடம்பைக் கலைக்கிறது. கட்டி எழுப்புவது ஓய்வில்தான் நடக்கிறது. நீண்ட ஓட்டம் முடிந்த நாட்களில் இப்போது நான் ஸ்ட்ரெட்ச் செய்வதில்லை. சுவரோரம் படுத்து, முழங்காலை லேசாக மடித்தபடி காலைச் சுவரில் சாய்த்து, மூச்சை நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவாக்குகிறேன். உள்ளே நான்கு எண்ணிக்கை, வெளியே ஆறு. ஐந்து நிமிஷத்தில் இதயத் துடிப்பு இறங்குவது காதில் கேட்கும். பத்தாவது நிமிஷத்தில் தொடை தானாகத் தரையை நோக்கிக் கனக்கும். ஏழு மாதம் இழுத்து இழுத்துத் தேடிய தளர்வு, யாரும் கேட்காமலே வந்து உட்காரும்.

யோகா சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடுகிறவர்கள் வகுப்புக்கு வந்தால் முதுகில் கை வைப்பதற்கு முன் எங்கே இழுக்கிறது என்று கேளுங்கள். தசையின் நடுவில் இழுத்தால் பரவாயில்லை. எலும்பை ஒட்டி, உட்காரும் இடத்தில் இழுக்கிறது என்றால் முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த ஆசனத்தையே விட்டுவிடச் சொல்லுங்கள். ஓடுகிறவர்களும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஓட்டம் முடிந்ததும் படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, காலையில எழுந்து முதல் அடி வெச்சா குதிகால் உயிர் போகுது. தினமும் கால்விரலை இழுத்து ஸ்ட்ரெட்ச் பண்றேன், குறையவே மாட்டேங்குது" என்றாள். எவ்வளவு நாளாக என்றேன். நான்கு மாதம். அந்த வலிக்கும் இதே கதைதான். டென்மார்க்கில் 48 பேரை வைத்து உள்ளங்கால் ஸ்ட்ரெட்சையும் வலுப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்தன. ஆனால் மூன்றாவது மாதத்தில் வலுப் பயிற்சி செய்தவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள்.

என் துண்டைச் சுருட்டிப் படி விளிம்பில் வைத்து, அவளுடைய கால்விரல்கள் அதன் மேல் மடங்கி நிற்கும்படி நிற்கச் சொன்னேன். மூன்று எண்ணி மேலே, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணிக் கீழே. ஒரு நாள் விட்டு ஒரு நாள். எட்டாவது தடவையிலேயே கெண்டைக்கால் நடுங்கியது. பக்கத்தில் இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பன்னிரண்டை முடித்துவிட்டு, "வலிக்குது, ஆனா வேற மாதிரி வலிக்குது" என்றாள். ஒரு பிசியோவிடமும் கட்டாயம் காட்டச் சொல்லி, ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். இன்று காலை அவளிடமிருந்து ஒரு எண் மட்டும் வந்திருக்கிறது: 6. என் நோட்டில் இன்று 0. நேற்று ஓடியது மேட்டில்.